அப்பாவுக்கு அந்த டப்பாவை இப்போது கொடுக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 31. சொந்த ஊர் ஓசூர், பெங்களூருவில் பி.ஜி.யில் தங்கி ஐடி வேலை பார்க்கிறேன். பத்து வாரமாக மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கும் மீல் ரீப்ளேஸ்மெண்ட் ஷேக் மட்டும்தான். வேளைக்கு ஒரு ஸ்கூப், தண்ணீரில் கலந்து. நடுவில் இரண்டு காபி. 86 கிலோவிலிருந்து 74 ஆகிவிட்டேன். சமையல், மெஸ், ஆன்லைன் ஆர்டர் என்று எந்தத் தொல்லையும் இல்லை. முடி மட்டும் கொட்டுகிறது, மூன்று நாளைக்கு ஒருமுறைதான் மலம் போகிறது. போன இரண்டு ஞாயிறும் வீட்டில் பிரியாணி சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வலித்தது. வயிறு சாப்பாட்டையே மறந்துவிட்டது போல. இதை வருடக்கணக்கில் தொடரலாமா? அப்பாவுக்கு வயது 61, 14 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின், பி.பி. மாத்திரை எடுக்கிறார். ஷேக் டயட்டில் சர்க்கரையே போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அடுத்த வாரம் அவருக்கும் இரண்டு டப்பா வாங்கித் தரப் போகிறேன். (லேபிள் படம் இணைத்துள்ளேன்.)

பதில்:

முதலில் அப்பா விஷயம், மற்றதெல்லாம் அப்புறம். டப்பாவை ஏற்கெனவே ஆர்டர் செய்துவிட்டீர்கள் என்றாலும் சரி, அவருடைய டாக்டரைப் பார்க்கும் வரை அதைப் பிரிக்காதீர்கள். அவர் எடுக்கும் கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு சப்பாத்தி என்று அவர் சாப்பிடும் அளவை மனதில் வைத்துத்தான் டாக்டர் அதன் டோஸை முடிவு செய்திருப்பார். சாப்பாடு திடீரென்று மூன்றில் ஒரு பங்காகி மாத்திரை அப்படியே இருந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். நள்ளிரவில் நடந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாமல் போகலாம்.

டாபாகிளிஃப்ளோசின் வேறு விதமான சிக்கல். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும் மருந்து அது. மாவுச்சத்து மிகவும் குறைந்து உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும்போது கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேரும். இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு அது ஆபத்தான அளவுக்குப் போக வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் வீட்டு குளுக்கோமீட்டர் 180, 200 என்றுதான் காட்டும். சுகர் பரவாயில்லையே என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள், அவரோ வாந்தி எடுத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். இது போதாதென்று, சாப்பாடும் உப்பும் குறைந்தால் பி.பி. மாத்திரையின் வேலை அதிகமாகி எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். இத்தனையும் மாத்திரை அளவை மாற்றாமல் ஷேக்குக்கு மாறினால் வரக்கூடியவை.

நீங்கள் பார்த்த வீடியோ முழுப் பொய் இல்லை. அதனால்தான் எனக்குக் கவலை. பிரிட்டனில் டைரக்ட் என்ற ஆய்வை நியூகாசிலைச் சேர்ந்த ராய் டெய்லரும் கிளாஸ்கோவைச் சேர்ந்த மைக் லீனும் நடத்தினார்கள், முதல் வருட முடிவு 2017 டிசம்பரில் லான்செட் இதழில் வந்தது. டைப் 2 சர்க்கரை உள்ளவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளுக்கு 825 முதல் 853 கலோரி, அதுவும் பானங்களாக மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே நோய் அளவுக்குக் கீழே இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 4 சதவீதம்தான். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம். இது சாதாரண முடிவே இல்லை, சர்க்கரை நோயைப் பற்றி நாங்கள் பேசும் விதத்தையே மாற்றிய ஆய்வு. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், எடை கூடுதலாக இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். சர்க்கரை மாத்திரையையும் பி.பி. மாத்திரையையும் முதல் நாளே மருத்துவ மேற்பார்வையில் நிறுத்திவிட்டுத்தான் ஷேக்கைத் தொடங்கினார்கள், கூடவே ஆள் வைத்துக் கவனித்தார்கள், பிறகு இரண்டு முதல் எட்டு வாரம் எடுத்துக்கொண்டு சாப்பாட்டைப் படிப்படியாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அப்படியும் இரண்டாவது வருடத்தில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது. உங்கள் அப்பாவுக்கு நோய் வந்து 14 வருடம் ஆகிவிட்டது. வருடம் ஏற ஏற இன்சுலின் சுரக்கும் செல்கள் மீளும் வாய்ப்பு குறைகிறது. எடை குறைந்தால் அவருக்கு நிச்சயம் நல்லது, மாத்திரையும் குறையலாம். ஆனால் அதை அவருடைய டாக்டரும் ஒரு டயட்டீஷியனும் சேர்ந்து செய்ய வேண்டும், நீங்களும் நானும் கடிதத்தில் முடிவு செய்கிற விஷயம் இல்லை.

சரி, இப்போது உங்களுக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வலி. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரியில்தான் என் கண் நின்றது. வயிறு சாப்பாட்டை மறப்பதெல்லாம் இல்லை. எடை வேகமாகக் குறையும்போது கல்லீரல் பித்தநீரில் கொலஸ்ட்ராலை அதிகமாகக் கலக்கிறது. பித்தப்பை சுருங்கி அந்த நீரை வெளியே தள்ள வேண்டும் என்றால் சாப்பாட்டில் ஓரளவு கொழுப்பு வேண்டும், நீங்கள் குடிக்கும் ஒரு ஸ்கூப்பில் அது ஆறேழு கிராம்தான். பித்தநீர் தேங்குகிறது, கசடு சேர்கிறது, சிலருக்குக் கல்லாகிறது. ஆறு நாள் சும்மா கிடந்த பித்தப்பைக்கு ஏழாம் நாள் நெய்யும் கறியுமாகப் பிரியாணி போனால் அது பலமாகச் சுருங்கும், வலது விலாவுக்குக் கீழே பிடித்தாற்போல வலிக்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக விடும். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசல் இதே மாதிரி இருக்கிறது. பார்க்காமல் இதுதான் என்று சொல்ல முடியாது, ஆகவே இந்த வாரமே வெறும் வயிற்றில் ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். அதுவரை பிரியாணி, வடை, பரோட்டா எதுவும் வேண்டாம். வலியோடு காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, வலி சில மணி நேரம் தாண்டியும் விடாவிட்டாலோ ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இனி அந்த லேபிள். டப்பாவின் முன்பக்கம் 26 வைட்டமின், மினரல் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது, பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒரு வேளைக்கு இரண்டு ஸ்கூப் என்று இருக்கிறது. இரண்டு ஸ்கூப் போட்டால் 400 கலோரி, 27 கிராம் புரதம், 7 கிராம் நார்ச்சத்து, வைட்டமின்கள் ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. நீங்கள் போடுவது ஒன்று. அப்படியென்றால் நாள் முழுவதும் 600 கலோரி, காபியில் இருக்கும் பாலையும் சர்க்கரையையும் சேர்த்தால் 750 வரை வரும். புரதம் 40 கிராம். வைட்டமின்கள் தேவையில் பாதி. உட்கார்ந்து வேலை பார்க்கும் 65 கிலோ ஆணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐசிஎம்ஆர் சொல்வது 2110 கலோரி. புரதம் கிலோவுக்கு 0.83 கிராம், உங்கள் எடைக்கு அது 61 கிராம். எடை குறைக்கும் நேரத்தில் தசையைக் காப்பாற்ற அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தேவை. முழு நாளும் இந்த மாதிரி பானத்திலேயே இருப்பவர்களுக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு 800 முதல் 1200 கலோரி, அதுவும் எடை குறைப்புக்காக. நீங்கள் அதற்கும் கீழே, தனியாக, எந்த ரத்தப் பரிசோதனையும் இல்லாமல் பத்து வாரம் இருந்திருக்கிறீர்கள். போன 12 கிலோவில் கொழுப்பு மட்டும் இல்லை, தசையும் போயிருக்கும்.

இவ்வளவு குறைந்த கலோரியில் டாக்டர்கள் ஏன் பொட்டாசியம் பார், இசிஜி எடு என்று துரத்துகிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது. 1970களின் இறுதியில் அமெரிக்காவில் திரவப் புரதம் மட்டும் குடித்து எடை குறைக்கும் முறை பெரிய அலையாக வந்தது. மாட்டுத் தோலிலிருந்தும் மற்ற கழிவுகளிலிருந்தும் எடுத்த கொலாஜன்தான் அந்தப் புரதம். சுமார் 60 பேர் இறந்ததாக அரசுக்குத் தகவல் வந்தது, பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போனது. உங்கள் பவுடர் அந்தத் தரத்தில் இல்லை, நல்ல புரதமும் தாதுக்களும் சேர்த்தது. ஆனால் பாதி அளவு குடித்தால் அந்தத் தாதுக்களும் பாதிதான் கிடைக்கும்.

அப்படியானால் முழு அளவில் குடித்தால் வருடக்கணக்கில் வாழலாமா என்று கேட்பீர்கள். உயிர் வாழலாம், அதை மறுக்க மாட்டேன். விழுங்க முடியாத நோயாளிகளை மூக்கு வழியாகவோ வயிற்றில் போட்ட குழாய் வழியாகவோ இதே மாதிரியான திரவ உணவில் மாதக்கணக்கில், சிலரை வருடக்கணக்கில் வைத்திருக்கிறோம். க்ரோன் என்ற குடல் நோய் உள்ள குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வரை திரவ உணவு மட்டுமே கொடுப்பது ஒரு முக்கியமான சிகிச்சை. அவர்களுக்கெல்லாம் எடை, உப்புச்சத்து, கல்லீரல் எல்லாவற்றையும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார், அளவை மாற்றிக்கொண்டே இருக்கிறார். நன்றாகச் சாப்பிட முடிகிற 31 வயதுக்காரருக்கு அந்த ஏற்பாடு எதற்கு என்பதுதான் என் கேள்வி.

சாப்பாட்டையே விட்டுவிடலாம் என்ற எண்ணம் பரவியதற்கு 2013இல் ராப் ரைன்ஹார்ட் என்ற அமெரிக்க இளைஞர் எழுதிய கட்டுரை ஒரு காரணம். முப்பது நாள் தானே கலந்த பானத்தில் வாழ்ந்ததை எழுதினார், அதிலிருந்துதான் சாய்லண்ட் என்ற பானமும் அதை விற்கும் நிறுவனமும் வந்தன. அவர் சொன்ன காரணங்களும் நேரம், செலவு, சமையல் தொல்லை, உங்கள் கடிதத்தில் இருப்பவையேதான். 2016 அக்டோபரில் பலருக்கு வாந்தி பேதி வந்து அந்த நிறுவனம் தன் உணவுப் பார்களைத் திரும்பப் பெற்றது, பவுடர் விற்பனையையும் நிறுத்தியது. பாசியிலிருந்து எடுத்த ஒரு மாவுதான் காரணமாக இருக்கும் என்று அவர்களே சொன்னார்கள். ஒரு நாளின் அத்தனை சாப்பாடும் ஒரே ஆலையிலிருந்து, ஒரே டப்பாவிலிருந்து வரும்போது அதில் ஒரு குறை இருந்தால் அது மூன்று வேளையும் உள்ளே போகிறது. 2025 அக்டோபரில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 23 புரதப் பவுடர்களையும் பானங்களையும் சோதித்தபோது செடிப் புரதம் சேர்த்தவற்றில் ஈயம் அதிகமாக இருந்தது. எப்போதாவது ஒரு ஸ்கூப் குடிப்பவருக்கு இது பெரிதில்லை, அதையே உணவாக வைத்திருப்பவருக்குப் பெரிது.

அப்புறம் மெல்லுவது. திரவமாகப் போகும் கலோரி அதே அளவு திட உணவு தருகிற நிறைவைத் தருவதில்லை, பசி சீக்கிரம் திரும்புகிறது. காய், பருப்பு, கீரை, தயிர், பழம் என்று பல வடிவத்தில் போகும் நார்தான் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி. ஐசிஎம்ஆர் 2000 கலோரிக்கு 30 கிராம் நார்ச்சத்து கேட்கிறது, உங்களுக்குப் போவது பத்துச் சொச்சம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு நாளுக்குக் காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம் என்று இருக்கிறது. இந்தப் பத்து வாரத்தில் ஞாயிறு தவிர ஒரு கேரட் கடித்திருப்பீர்களா? மூன்று நாள் மலச்சிக்கலுக்கு நான் வேறு காரணம் தேட வேண்டிய அவசியமே இல்லை.

முடி விஷயத்தில் பயப்பட வேண்டாம். உடம்புக்குப் பெரிய பற்றாக்குறை வந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடி நிறையச் சேர்ந்தாற்போல ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக விழும். புரதமும் இரும்பும் சரியானால் பெரும்பாலும் சில மாதத்தில் திரும்ப வளரும். பயோட்டின் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பயன் இல்லை, அதிக டோஸ் எடுத்தால் தைராய்டு பரிசோதனை முடிவையே தப்பாகக் காட்டும்.

எப்படித் திரும்புவது? ஒரே நாளில் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு மெஸ்ஸில் உட்கார வேண்டாம். இத்தனை வாரம் குறைவாகச் சாப்பிட்ட உடம்பு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் ரத்தத்தில் இறங்கலாம். ஸ்கேன் எடுக்கும் அன்றே சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பேட், கல்லீரல் பரிசோதனை, ஹீமோகுளோபின், இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் பார்த்துவிடுங்கள். முடிவு வரும்வரை காலை ஷேக்குக்குப் பதில் மட்டும் உணவு: பக்கத்து தர்ஷினி ஓட்டலில் மூன்று இட்லி, சாம்பார், சட்னி கொஞ்சமாக. மற்ற இரு வேளையும் இப்போது போல ஷேக், ஆனால் ஒன்றரை ஸ்கூப். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த வாரம் லேபிளில் போட்டபடி இரண்டு ஸ்கூப், அதற்கடுத்த வாரம் இரவு உணவையும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

சமைக்கப் பிடிக்காது என்கிறீர்கள், சமைக்க வேண்டாம். முட்டை வேக வைக்கும் சின்ன மின்சாரப் பாத்திரம் ஒன்று, நந்தினி தயிர் பாக்கெட், வாழைப்பழம், வறுத்த கடலை, வெள்ளரிக்காய், கேரட் — இவ்வளவு அறையில் இருந்தால் போதும். மெஸ்ஸில் சோறு சரியில்லை என்றால் இரண்டு சப்பாத்தியும் பருப்பும் மட்டும் வாங்கி வந்து இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் தயிரும் சேர்த்துக்கொண்டால் 25 கிராம் புரதத்துக்கு மேல் வந்துவிடும். ஞாயிறு ஓசூர் போனால் பிரியாணிக்குப் பதில் அம்மாவிடம் ராகி களியும் கீரைக் குழம்பும் கேளுங்கள், உங்கள் பக்கத்துச் சாப்பாடுதானே. வரும்போது முளைகட்டிய பயறும் சுண்டலுக்குக் கடலையும் கட்டிக்கொண்டு வாருங்கள். தண்ணீரை மறக்காதீர்கள், தண்ணீர் குடிக்காமல் நாரை மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் இன்னும் மோசமாகும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலர் மிரண்டு மறுபடி ஷேக்குக்குத் திரும்பிவிடுகிறார்கள். சாப்பாடு தொடங்கிய முதல் பத்து நாளில் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறும். அது கொழுப்பு இல்லை. தசையிலும் கல்லீரலிலும் தீர்ந்துபோன கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்து நிரம்புகிறது, அதோடு தண்ணீரும் சேர்கிறது, நிறைய நாளாகக் காலியாக இருந்த குடலில் உணவு இருக்கிறது. அந்த இரண்டு வாரம் எடை பார்க்கும் மிஷினில் ஏறவே ஏறாதீர்கள். வாரத்தில் மூன்று நாள் ஏதாவது பளு தூக்கும் பயிற்சி செய்யுங்கள், தண்ணீர் கேனைத் தூக்கினாலும் சரிதான், ஆனால் ஸ்கேன் முடிவு பார்த்த பிறகு.

ஷேக்கை முழுவதுமாக விடச் சொல்லவில்லை. ராத்திரி ஷிஃப்ட், பயணம், மெஸ் மூடியிருக்கும் நாள் என்று ஒரு வேளைக்கு, இரண்டு ஸ்கூப், முடிந்தால் பாலில், கூட ஒரு பழம் என்றால் எனக்கு ஆட்சேபணையே இல்லை. பிஸ்கெட்டும் பஃப்ஸும் தின்பதைவிட எவ்வளவோ மேல். தீர்ந்துபோனால் அதற்குப் பதில் ஜிம் நண்பர்கள் வைத்திருக்கும் வே (whey) புரதப் பவுடரைக் கலக்காதீர்கள், ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் புரதமும் 120 கலோரியும் இருக்கும், அது சாப்பாட்டுக்கு மாற்றாகச் செய்யப்பட்டதே இல்லை. ஹார்லிக்ஸ், போர்ன்விட்டா வகையும் அப்படித்தான். 2024 ஏப்ரலில் மத்திய அரசு அவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுக்கும்படி ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது நினைவிருக்கும். வேறு ஏதாவது மல்டிவைட்டமின் போடுகிறீர்கள் என்றால் இரண்டு ஸ்கூப்புக்கு மாறும்போது அதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேளுங்கள்.

அப்பாவின் டாக்டரிடம் போகும்போது அவர் எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், அந்த டப்பாவின் லேபிளையும் கொண்டுபோங்கள். கடைசியாக எடுத்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கிரியேட்டினின் (சிறுநீரகம்) ரிப்போர்ட்டும் வேண்டும். "அப்பாவுக்கு எடை குறைய வேண்டும், எதைக் குறைத்தால் எந்த மாத்திரையைக் குறைக்க வேண்டும்?" என்று நேராகவே கேளுங்கள். இரவுச் சாப்பாட்டில் மட்டும் மாற்றம் செய்து பார்க்கலாம் என்று அவர் சொன்னால், முதல் இரண்டு வாரம் விடியற்காலை சர்க்கரையை எழுதி வைக்க அம்மாவிடம் ஒரு நோட்டுக் கொடுங்கள். 70க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும் என்பதையும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், பித்தப்பையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் சாப்பாட்டில் எண்ணெயை எவ்வளவு, எப்போது சேர்க்கலாம் என்று சொல்ல முடியும்.